‘ஏதோ ஓடுதுண்ணே’: மதுரை வட்டாரச் சொல்வழக்கும் மனநலமும் – ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: சிம்மக்கல் முதல் மாட்டுத்தாவணி வரையுள்ள டீக்கடைகள். ஆய்வு வினா ஒன்றுதான்: “எப்டிண்ணே இருக்கீங்க?”

முன்னோர் ஆய்வு: சொல்லை எண்ணி மனத்தை அளக்கலாம் என்பது டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் கட்சி. மனச்சோர்வில் இருப்பவர்கள் ‘நான்’ என்று கூடுதலாக எழுதுவதை அவரும் சகாக்களும் 2004-இல் காட்டினார்கள். இந்த அளவுகோல் வைகைக் கரையில் செல்லுபடியாகவில்லை. நம்மவர் ‘இருக்கேன்’ என்றாலே ‘நான்’ விகுதிக்குள் பதுங்கிவிடுகிறது. ‘இருக்கோம்ணே’ என்றுவிட்டாலோ பாதிப் பாரம் வீட்டார் தலையில் ஏறிவிடுகிறது.

மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களின் எழுத்தில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற அறுதிச் சொற்கள் மிகுதி என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2018-இல் கண்டார்கள். இக்கொள்கை பரோட்டாக் கடையில் தோற்றது. சால்னா தண்ணியாக இருந்ததற்காக, “செத்தாலும் இந்தக் கடைப் பக்கம் வரமாட்டேன்” என்று சபதமிட்டுப் போனவர், மறுநாள் ராத்திரி அதே பெஞ்சில் உட்கார்ந்து, “மாஸ்டர், ரெண்டு வீச்சு” என்கிறார். முகத்தில் பதற்றம் ஏதும் தென்படவில்லை.

இலக்கணச் சான்று: சொல்லால் மனத்தைக் காக்கும் வித்தை நமக்குப் பழசு. 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தியார் அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வதற்கு ‘மங்கலம்’ என்று ஒரு வழக்கைத் தனியே வகுத்துவிட்டார். கிளம்புகிறவர் ‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வாரேன்’ என்பதும், அணைக்க வேண்டிய விளக்கைக் ‘குளிர வை’ என்பதும் அந்த வழியில் வந்தவை.

விடைகளின் வகைப்பாடு:

‘சூப்பர்ணே’ – அரிய வகை. சொல்பவர் கைமாத்துக் கேட்க வந்திருக்கலாம்.

‘பரவால்லண்ணே’ – சம்பள வாரத்தில் மிகுதி.

‘என்னத்தச் சொல்ல’ – இதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொல்வார். நலமாகவே இருக்கிறார்.

‘ஏதோ ஓடுதுண்ணே’ – ஓடுவது எது, எங்கே என்ற விவரம் இல்லை. சொல்பவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். டீயில் ஆடை படிந்துவிட்டது. ஆய்வாளரைக் கவலைப்படுத்தும் ஒரே வகை இது.

முடிவு: மங்கலம் காக்கும், மறைக்கவும் செய்யும். தன் தொல்லையைச் சொல்வதே அமங்கலம் என்று ‘ஏதோ’வுக்குள் மடித்து வைப்பவரை எந்தக் கணினியும் சொல் எண்ணிப் பிடிக்காது.

பரிந்துரை: ‘ஏதோ ஓடுதுண்ணே’ என்பவருக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். இரண்டாவது பதிலையே தரவாகக் கொள்க. டீக்காசு உங்களுடையது.