காற்று வாங்கு படலம்

ஒரு திரையரங்கம் காற்று வாங்குகிறது என்றால் அங்கே ஆள் இல்லை என்று பொருள். கடற்கரையில் காற்று வாங்குகிறார்கள் என்றால் அங்கே கால் வைக்க இடம் இல்லை என்று பொருள். இத்தனை எதிரெதிரான இரண்டு நிலைமைகளுக்கு ஒரே தொடர் எப்படிப் பொருந்துகிறது என்பது ஆராயத் தக்கது. வாங்குதல் என்றதும் காசு கொடுத்துப் பெறுவதை நினைப்பது வணிகப் புத்தி. அடி வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எதற்கும் ரசீது கிடையாது. பழந்தமிழில் வில்லை வளைப்பதும் வாங்குதல்தான். ஆகவே, ‘காற்று இலவசம்தானே, எதை ஐயா வாங்கினீர்?’ என்று கேட்கும் பூர்வபட்சி முதல் படியிலேயே சறுக்கிவிடுகிறார். உண்மையான கேள்வி வேறு. கடற்கரைக்குப் போகிறவர் காற்றுக்காகத்தான் போகிறாரா? இல்லை என்பது நம் துணிபு. வானிலையைக் குறை சொல்வதற்காகவே அவர் போகிறார். காற்று ஒரு சாக்கு. அதனால்தான் எந்தப் பருவமும் அவருக்கு ஒத்துப்போகிறது. சென்னை மெரினாவைக் களமாகக் கொண்டு இதை நிறுவுவோம்.

முதல் சான்று அகப்பொருள் இலக்கணம். முல்லைக்குக் கார்காலம், பாலைக்கு வேனில் என்று அளந்து கொடுத்த மரபு, நெய்தலுக்கு மட்டும் ஆறு பெரும்பொழுதுகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டது. (மருதத்துக்கும் அதே சலுகை உண்டு, ஆனால் வயல் வரப்பில் யாரும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்பதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.) சிறுபொழுதோ எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, இன்றும் கூட்டம் சேருகிற அதே வேளை. கிழக்குக் கடற்கரையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கல்லூரிக் கட்டடங்களுக்கு அப்பால் அல்லவா விழுகிறது என்பீர்கள். விழட்டும், யாரும் அதைப் பார்க்க வரவில்லை. நெய்தலின் உரிப்பொருள் என்ன? இரங்கல். ஆற்றாமையைச் சொல்லிப் புலம்புதல். தலைவன் வரவில்லையே என்று அன்றைய தலைவி இரங்கினாள். கடல்காற்று வரவில்லையே என்று இன்றைய குடும்பத் தலைவர் இரங்குகிறார். திணை மாறவில்லை, துறைதான் சற்று மாறியிருக்கிறது.

அடுத்தது வேனில். பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சித்திரையில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து தரையைத் தடவிக்கொண்டு வரும் சூடான காற்று அதை வழிமறிக்கும். மேல்காற்றுக்குக் கோடை என்றும், கீழ்காற்றுக்குக் கொண்டல் என்றும், வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்றும் திசைக்கொரு பெயர் வைத்த மக்கள் காற்றைப் பற்றி எவ்வளவு பேசித் தீர்த்திருக்க வேண்டும்! கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கும் இழுபறியில் கடல்காற்று மாலை வரை தாமதிக்கும். சில நாள் வரவே வராது. காற்றுதான் நோக்கம் என்றால் அந்த இரண்டு மாதமும் மணல் வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. மரமே இல்லாத மணலில் உட்கார்ந்துகொண்டு ‘ஒரு இலைகூட அசையலையே’ என்று முழு மனநிறைவோடு சொல்கிறார்கள். இலக்கணத்தையும் சும்மா விடுவதில்லை என்றால் இன்னும் வசதி: சித்திரை, வைகாசிக்கு இளவேனில் என்று பெயர். சென்னையில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 அந்த இளவேனிலில்தான் வருகிறது. இளசே இப்படி என்றால் முதுசைப் பற்றி என்ன சொல்ல.

மழைக்காலம் நம் கட்சியை இன்னும் வலுவாக்குகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள்; எண்ணுக்கு எண் பொருள் வேறு. கப்பல்களை எச்சரிக்க வைத்த இந்த ஏற்பாட்டை ஊர் மக்கள் அழைப்பிதழாக வாசிக்கிறார்கள். கூண்டு ஏறியது என்று செய்தி வந்ததும் ‘கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடலாம்’ என்று கிளம்புவதும், காவலர்கள் ஒலிபெருக்கி வைத்துத் திருப்பி அனுப்புவதும் ஆண்டுதோறும் நடக்கிற சடங்கு. காற்று வாங்க வந்தவர் என்றால் அன்று கிடைக்கும் காற்றுக்கு அவர் பரமதிருப்தி அல்லவா அடைய வேண்டும்? ‘இவ்ளோ காத்தா’ என்று அதையும் குறைதான் சொல்கிறார். (2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா ஊர் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அந்த மாதிரி நாளில் வீட்டில் இருப்பதே ஆராய்ச்சி நெறி.)

மார்கழி விடியலில் காதை மூடிய குல்லாவுடன் நடப்பவர்களை எடுத்துக்காட்டி, ‘இவர்கள் சர்க்கரைக்காக வருகிறார்கள், புலம்ப அல்ல’ என்று மறுப்பவர் உண்டு. பின்னால் பத்தடி விட்டு நடந்து கேட்டால் போதும்: பனி ஒத்துக்கொள்ளவில்லை, போன வருஷம் இவ்வளவு குளிர் இல்லை. 20 டிகிரியில் குளிர் கண்டுபிடிக்கும் திறமை வேறு எந்த ஊருக்கும் வாய்க்கவில்லை. காணும் பொங்கலன்று வருகிறவர்களுக்கு மட்டும் வானிலை கண்ணில் படாது, கூட்டம் மறைத்துவிடும். அவர்கள் கூட்டத்தையே குறை சொல்கிறார்கள். அது விதிவிலக்கு. இன்னொருவர் கேட்பார்: வீட்டிலேயே ஏ.சி. இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? அறையில் என்றைக்கும் 24 டிகிரி. குறை சொல்ல எஞ்சுவது மின்கட்டணம் ஒன்றுதான். அதற்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு.

கடைசியாக ஒரு வரலாற்று மறுப்பு: ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் இந்த உலாச் சாலையை அமைத்து, சிசிலியின் நினைவில் மெரினா என்று பெயரிட்டது நல்ல காற்றுக்காக அல்லவா? இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் எழுந்த துறைமுகச் சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. சாலைக்குப் பக்கத்தில் இருந்த கடல் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போய்விட்டது. ‘எவ்வளவு தூரம்யா நடக்கிறது’ என்ற, எல்லாப் பருவத்துக்கும் பொதுவான குறை அப்படித்தான் கிடைத்தது. துறைமுகத்துக்கு வடக்கே, மணல் வராமல் கரையைக் கடல் அரித்துக்கொண்டுபோன ராயபுரத்து மக்கள் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. அது புலம்பல் அல்ல, வழக்கு. மற்றவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஆனி, ஆடியில் போவதாக இருந்தால் மூன்று மணிக்கே போய்விடுங்கள். ஐந்து மணிக்குக் கடல்காற்று வந்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது.