பெட்டிக்கும் கால் வலிக்கும்

வாசலில் செருப்பை விட்டதுமே உள்ளேயிருந்து கட்டளை வரும்: "தம்பி, குதிகாலை ஊணாம வாங்க!" குழந்தை தூங்குகிறது போலிருக்கிறது என்று முதல் தடவை நானும் பூனை நடை நடந்தேன். போய்ப் பார்த்தால் தொட்டில் இல்லை. ஒரு ரெக்கார்ட் பிளேயர்.

பெரிய காஞ்சிபுரத்தில் இந்த இனத்தார் அதிகம் இல்லை. தேடினால் நாலைந்து பேர் தேறுவார்கள். பாட்டுக் கேட்பவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. பாட்டுக் கேட்பவருக்குப் பாட்டு போதும். இவர்களுக்குப் பாடும் பெட்டியின் கால் முக்கியம். "கம்பெனியே நாலு கால் வச்சுத்தானே கொடுத்திருக்கான்?" என்று கேட்டுப் பாருங்கள். சம்பந்தி வீட்டில் சாம்பாருக்கு உப்பு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

நான் சொல்லும் அண்ணனிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. 1972ல் ஜப்பானில் தொடங்கிய வம்சம். பன்னிரண்டு கிலோ கனம். உலகமெங்கும் டிஸ்கோக்களில் ஊரே குதிக்கும் மேடைமேல் உட்கார்ந்து பிழைத்த ஜாதி. அதற்குத்தான் கால் சரியில்லை என்கிறார் அண்ணன்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இசைத்தட்டின் பள்ளத்தில் உள்ள நெளிவுகள் தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்குதான். அவற்றைத் தடவித்தான் ஊசி பாட வேண்டும். தரை நடுங்கினால் அதுவும் ஊசிக்குத் தெரியும். இது வித்வான், இது லாரி என்று பிரித்துப் பார்க்கும் புத்தி அதற்குக் கிடையாது. இரண்டையும் சேர்த்தே பாடிவிடும். சில வீடுகளில் ஸ்பீக்கரின் சத்தமே பலகை வழியாக ஊசிக்குத் திரும்பி ஊளையிடும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் தட்டையும் ஊசிக்கையையும் சேர்த்து ஸ்பிரிங்கில் மிதக்கவிட்ட பெட்டியை 1961ல் கொண்டுவந்தது இந்தத் தொல்லைக்காகத்தான்.

அண்ணனுக்குத் தொல்லை பக்கத்து வீட்டில் இருந்தது. குழித்தறி. தறியின் கால்கள் மண்ணுக்குள், நெய்பவரின் கால்கள் குழிக்குள். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா, துணைக்கு ஒரு ஆள். ஒவ்வொரு ஊடைக்கும் விழும் தட்டு நடுச்சுவரைத் தாண்டி வந்து இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தட்டில் கலந்துகொள்கிறதாம். "ராஜா சார் எழுதாத தாளம் தம்பி இது" என்று நொந்துகொள்வார்.

முதலில் வந்தவை பித்தளைக் கூம்புகள். பெட்டிக்குக் கால் ஆணி வந்த வீட்டை அன்றுதான் பார்த்தேன். பெட்டியின் அதிர்வை இந்தக் கூம்பு தரைக்குள் இறக்கிவிடும் என்றார். "தரையில இருக்கறது மேல ஏறி வராதாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் ஸ்குவாஷ் பந்தை இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஸ்குவாஷ் ஆடுபவர் எவரையும் நான் கண்டதில்லை. பந்து வாங்குபவர் ஒருவர் இருக்கிறார். அதுவும் பிடிக்காமல் போய், கடைசியில் சைக்கிள் டியூபில் பாதிக் காற்று அடித்து, மேலே கனமான கடப்பாக் கல், அதற்கும் மேலே பெட்டி. பாரம் கூடக் கூட, அடியில் இருப்பது மெத்தென்று ஆக ஆக, பெட்டியின் ஆட்டம் மெதுவாகும். வேகமான நடுக்கம் அதில் ஏறாது. இது உண்மையான கணக்குதான். ஆனால் வெளியே இருந்து வரும் நடுக்கமும் பெட்டியின் சொந்த ஆட்டமும் ஒரே வேகத்தில் அமைந்துவிட்டால், குறைய வேண்டியது கூடிவிடும். ஆகவே காலையில் காபிக்கு முன் அண்ணன் கையில் சைக்கிள் பம்பு இருக்கும்.

அவருடைய அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு? ஒரு பிரிமணை வச்சா பானையே ஆடாம நிக்குமே" என்றார். பெரியம்மா சொல்லை அண்ணன் தட்டவில்லை. வைத்துக் கேட்டார். "மிட்ரேஞ்சுல வைக்கோல் வாசனை வருது" என்று எடுத்துவிட்டார்.

ரெக்கார்ட் பிளேயரோடு நின்றிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆம்ப்ளிஃபயருக்குக் கால் வந்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் நடுங்குவதற்கு ஊசி எங்கே இருக்கிறது? சிடி பிளேயருக்கு வந்தது. அதுவோ சின்னச் சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் சாதி. ஒருநாள் ஸ்டெபிலைசரும் நாலு பந்தின்மேல் உட்கார்ந்திருந்தது. "இதுக்குமாண்ணே?" என்றேன். "ஓரவஞ்சனை பண்ணக் கூடாது தம்பி."

சென்ற மாதம் ஒரு பகலில் போன் வந்தது. ஓடினேன். புதிதாக வாங்கிய கால்கள். விலையை அண்ணியிடம் சொல்லவில்லை என்பதால் இங்கேயும் சொல்லவில்லை. தட்டு சுழன்றது. நிசப்தத்திலிருந்து வயலின் எழுந்து வந்தது. நிஜமாகவே ஒரு தட்டல் இல்லை, ஒரு உறுமல் இல்லை. அண்ணனின் கண் கலங்கியது. "பார்த்தீங்களா? கால்! எல்லாம் கால்!" எனக்கும் புல்லரித்தது. வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அமாவாசை. தறிக்கு விடுமுறை.

உள்ளே போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் தறி ஓடியது, தட்டலும் திரும்பியது. "புதுக் கால் இல்லையா, படியறதுக்கு ஒரு மாசம் ஆகும்" என்றார் அண்ணன். அடுத்த அமாவாசைக்குப் படிந்துவிடும் என்று எனக்கும் தோன்றியது. நெசவாளரோ என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் காலு குழிக்குள்ள, அவருக்குக் காலு பெட்டிக்கடியில. ரெண்டு பேரு பொழப்பும் காலுலதான் ஓடுது, விடுங்க."

வைகாசி கருட சேவைக்கு வரதர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இங்கே எழுந்தருளியபோது அண்ணனும் கூட்டத்தில் இருந்தார். எல்லார் கையும் தலைக்கு மேல், எல்லார் கண்ணும் பெருமாள்மேல். அண்ணன் மட்டும் குனிந்து ஸ்ரீபாதந்தாங்கிகளின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு பாரம், எப்படி மடங்கி எழுந்திருக்குது பாருங்க. குடை கூட அதிரலை. இந்த மாதிரி நாலு கால் கடையில கிடைச்சா..." என்று என் காதில் சொன்னார். நான் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் அவர் வீட்டுக்கு வந்தால் குதிகாலை ஊன்றாதீர்கள், வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடும் வர வேண்டாம். பழம் வேண்டாம், இனிப்பு வேண்டாம். ஸ்குவாஷ் பந்து நாலு போதும். இரட்டை மஞ்சள் புள்ளி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைப் புள்ளி என்றால் துள்ளுகிறதாம்.