தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையம் சுமார் 350 கி.மீ.தான். மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு அரை மணி போதுமே! டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுகிறார்களே, ஏன்?

பதில்: டிக்கெட்டில் இருப்பது வெறும் பறக்கும் நேரம் அல்ல, லண்டனில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பது முதல் பாரிஸில் மறுபடி கட்டை வைப்பது வரை ஆகும் நேரம். ஹீத்ரோவில் இருப்பதே இரண்டு ஓடுபாதைகள். முன்னால் நிற்கும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நம் முறை வர வேண்டும். மேலே ஏறி முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கியாக வேண்டும். லிஸ்பன்–ஹெல்சிங்கி தூரம் இதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நேரமோ சுமார் நாலரை மணி, நாலு மடங்குகூட இல்லை. தரையில் கழியும் நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே!

தாமதத்தை மறைக்க நேரத்தைக் கூட்டிப் போடுகிறார்கள் என்பீர்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த இடைவெளி இல்லாவிட்டால், பாரிஸில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர் பாடு திண்டாட்டம். ஊருக்குள்ளிருந்து ஊருக்குள் போகிறவருக்கு, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் யூரோஸ்டார் ரயிலைத்தான் சொல்வேன்.