நெஞ்சில் கட்டிய சளி: கேள்வி-பதில்

கே: எனக்கு ஆஸ்துமா உண்டு. சில மாதங்களாக இருமினால் ரப்பர் துண்டு மாதிரி பழுப்பாகக் கெட்டிச் சளி வருகிறது. மீன் ஏலக்கூடத் தூசியாக இருக்குமோ? (தருவைகுளம் வாசகர்)

ப: தூசிக்கு அவ்வளவு கைவேலை தெரியாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் எல்லார் மூச்சிலும்தான் போகின்றன. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மட்டும் அது ஒவ்வாமல், மூச்சுக்குழாய் சளியைக் கொட்டுகிறது. அது இறுகி அடைத்தால் குழாய் நிரந்தரமாக அகன்று கெட்டுப்போகும். 1952-ல் லண்டன் மருத்துவர்கள் விவரித்த இந்த நோயை ‘ஏ.பி.பி.ஏ.’ என்பார்கள். அடுத்த துண்டைத் துப்பிவிடாமல் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு நெஞ்சுநோய் மருத்துவரிடம் போங்கள்.

கே: ஆஸ்பர்ஜில்லஸ்! வாயில் நுழையாத பேராக இருக்கிறதே! (புன்னைக்காயல் வாசகி)

ப: பொருள் உங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. சாமியார் தீர்த்தம் தெளிக்கும் கருவிக்கு லத்தீனில் ஆஸ்பெர்ஜில்லம் என்று பெயர். 1729-ல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் நுண்ணோக்கியில் பார்த்த பூஞ்சையின் தலை அதே சாயலில் இருந்தது; அதனால் இந்தப் பேரை வைத்தார்.

கே: அண்ணனுக்கு ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒருமுறைகூடத் தெரியவில்லை, இளைப்பும் நிற்கவில்லை. (திரேஸ்புரம் வாசகி)

ப: இதைப் படித்து மனம் ஆறவில்லை, தங்கச்சி. எக்ஸ்ரேயில் டி.பி.யும் ஏ.பி.பி.ஏ.யும் ஒன்றுபோல் நிழல் காட்டும். காசநோய் மலிந்த நம் நாட்டில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் மொத்த ஐ.ஜி.இ., ஆஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐ.ஜி.இ. இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு சி.டி. ஸ்கேன். அதில் சளி தசையைவிட வெள்ளையாகத் தெரிந்தால் ஏறக்குறைய ஏ.பி.பி.ஏ.யேதான். டி.பி. மாத்திரை பாக்கி இருந்தால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

கே: சளி சிரப் போதாதா? (ஆறுமுகநேரி வாசகர்)

ப: போதாது. சளி ஊறுவதற்குக் காரணமான ஒவ்வாமையை அடக்க வேண்டும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் இந்த நோய் உள்ள 131 பேரை இரு பிரிவாக்கி நான்கு மாதம் மருந்து கொடுத்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எல்லாருக்கும் கேட்டது. பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் 88 சதவீதம் பேருக்குக் கேட்டது, பக்கவிளைவும் குறைவு. எது யாருக்கு என்பது மருத்துவர் முடிவு. இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள்; அசிடிட்டி மாத்திரையைக் கூடவே போட்டால் மருந்து உடம்பில் சேராது. புடசோனைடு, புளூட்டிகசோன் இன்ஹேலர் இழுப்பவர் அதையும் சொல்லிவிட வேண்டும். இட்ராகோனசோலும் அந்த இன்ஹேலரும் சேர்ந்தால் ஸ்டீராய்டு உடம்பில் தேங்கி முகம் உப்பும்.

கே: உப்பளத்தில்தான் வேலை. உப்புக்காற்று சளியை இளக்காதா? (முள்ளக்காடு வாசகர்)

ப: காற்று போதாது, உப்பு இளக்கும். அது தண்ணீரை இழுத்துச் சளியை நெகிழ வைக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரைச் சளி நோய் உள்ள ஆஸ்திரேலியர்களில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் தெம்பாக இருந்ததைக் கவனித்தார்கள். 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2006-ல் வந்தன. ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பலாம். முதல் தடவை மருத்துவர் முன்னால்தான். பாத்தியில் வாரிய உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றிவிடாதீர்கள், அண்ணாச்சி!

கே: குணமானால் திரும்ப வராதே? (காயல்பட்டினம் வாசகர்)

ப: வரலாம். நன்றாக இருக்கும்போது எடுத்த ஐ.ஜி.இ. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை இளைக்கும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.