தூறல் பிரியர்

கேள்வி: 'லேசான மழை' என்ற அறிவிப்பை நம்பி நெல்லைக் காயப்போடாமல் இருந்தால், அன்றைக்கென்று வெயில் கொளுத்துகிறதே, ஏன்?
(வாசகர், லால்குடி)

பதில்: வானிலைக் கணினி மாதிரிகளுக்குத் தூறல் மேல் தனிப் பாசம்! நிஜ மேகம் ஓரிடத்தில் கொட்டுவதை, அவை நிலத்தைப் பிரித்து வைத்திருக்கும் கட்டம் முழுக்கச் சராசரியாக்கி, கல்யாண வீட்டுப் பன்னீர் போல எல்லோருக்கும் தெளித்துவிடும். முன்பு கட்டத்தின் அளவு 12 கி.மீ.; புணேயில் உருவாகி, 2025 மே மாதம் வந்த 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' அதை 6 கி.மீ. ஆக்கியிருக்கிறது. ஆனாலும் பல மேகங்கள் அதைவிடச் சிறியவை. கட்டத்தை இன்னும் சுருக்கி, மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டு, பொய்த் தூறலைக் கழிப்பதுதான் வழி. வானிலைத் துறையே 2.5 மி.மீ. பெய்தால்தான் 'மழை நாள்' என்று ஒப்புக்கொள்ளும். மாதிரிகள் திருந்தும்வரை நெல்லைக் காயப்போடுங்கள். தார்ப்பாய் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்!