பத்தில் ஒன்று என்றால் பத்தாவதா?

கே: மைன்கிராஃப்டில் கிராவலை உடைத்தால் ஃபிளின்ட் கிடைக்க 10 சதவீத வாய்ப்பு என்கிறார்கள். பத்து பிளாக் உடைத்தும் ஒன்றுகூட வரவில்லை. ஏமாற்று வேலைதானே?

ப: பத்து முறை உடைத்தும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றுக்கு 35 பேர். நீங்கள் தனியாள் இல்லை. சராசரியாகப் பத்துக்கு ஒன்று வரும் என்றுதான் சொன்னார்கள். பத்துக்குள் வரும் என்று யாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவில்லை. 90 சதவீதம் உறுதி வேண்டுமா? 22 முறை உடைக்க வேண்டும். ஃபிளின்ட் வராதபோது அதே கிராவல் கைக்குத் திரும்பி வந்துவிடுவதால் நஷ்டம் மண்வெட்டிக்கு மட்டுமே.

கே: ஒன்பது முறை வராவிட்டால் பத்தாவது முறை வாய்ப்பு கூடுமா?

ப: கூடாது. அதே 10தான். வாய்ப்பைக் கூட்ட நினைத்தால் மண்வெட்டியில் ஃபார்ச்சூன் 3 மந்திரம் ஏற்றுங்கள், நூற்றுக்கு நூறு. ஜென்ஷின் இம்பாக்ட் கதை வேறு. அங்கே பாத்திரக் குலுக்கலில் ஐந்து நட்சத்திரத்துக்கு 0.6 சதவீதம் என்று போட்டிருந்தாலும், 89 முறை ஏமாந்தவருக்கு 90-ஆவது முறை நிச்சயம். அந்த உறுதியையும் சேர்த்து அவர்கள் சொல்லும் மொத்தச் சராசரி 1.6 சதவீதம். “இத்தனை முறை போச்சே, இனி வராமலா போகும்?” என்ற புலம்பலுக்குக் கணித மதிப்புள்ள இடம் அது.

கே: ஃபார்ச்சூன் 3 போட்ட பிக்காக்ஸுக்கு ஒரு வைரத் தாதுவில் 2.2 வைரமாம். அந்த 0.2 எங்கே போகிறது?

ப: 2.2 வைரத்தைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. ஐந்தில் இரண்டு முறை ஒரே ஒரு வைரம். மற்ற மூன்று முறைகளில் 2, 3, 4 மூன்றுக்கும் சம வாய்ப்பு. ஐந்து தாதுவுக்கு 11, வகுத்தால் 2.2. மிக அதிகமாக வருவது என்னவோ ஒன்றுதான்!

கே: மைன்கிராஃப்டில் தங்கத்துக்குப் பண்டம் மாற்றும் பிக்லினிடம் எண்டர் பேர்ல் வாங்க 46 தங்கக் கட்டி ஆகும் என்கிறான் அண்ணன். 15 போதும் என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

ப: இருவருமே. ஜாவா பதிப்பில் பேர்ல் வர நெடுநாளாக இருந்த கணக்கு 459-இல் 10 வாய்ப்பு. அதாவது சுமார் 46 கட்டிக்கு ஒரு முறை. அண்ணன் சொன்னது அதை. ஆனால் வரும்போது 2 முதல் 4 வரை சேர்ந்து வரும். சராசரி மூன்று என்று வைத்து வகுத்தால் பேர்ல் ஒன்றுக்கு 15 கட்டி. தம்பி கணக்கு. அதை நம்பி 15 கட்டியோடு போகிறவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள். பெட்டி பெட்டியாகத் தங்கம் வைத்திருப்பவர் தம்பி பேச்சைக் கேட்கலாம்.

கே: மைன்கிராஃப்டை மிக வேகமாக முடிக்கும் ஸ்பீட்ரன் போட்டியில் ஏமாற்றியதாகச் சிக்கிய யூடியூபர் ட்ரீமுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று விட்டிருக்கக் கூடாதா?

ப: 2020 அக்டோபர் நேரலைகளில் 262 பண்டமாற்றில் 42 முறை பேர்ல். அவர் ஆடிய 1.16.1 பதிப்பில் வாய்ப்பு 423-இல் 20. சுமார் 12 முறை வந்திருக்க வேண்டும். பிளேஸ் எனும் எதிரிகள் 305-ஐக் கொன்றதில் பாதிக்குத்தான் தடி வர வேண்டும், வந்தது 211. பத்து முறைக்குள் எந்த விபரீதமும் நடக்கலாம். முந்நூறை நெருங்கும்போது சராசரி வந்து சட்டையைப் பிடிக்கும். அவருக்குச் சாதகமாகக் கழிவெல்லாம் கொடுத்த பிறகும் ஸ்பீட்ரன் நடுவர்கள் கண்ட விடை: ஏழரை லட்சம் கோடியில் ஒன்று. எண்ணிலேயே ஏழரை! தெரியாமல் விளையாட்டை மாற்றும் ஒரு மாட் ஓடிக்கொண்டிருந்தது என்று 2021 மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார்.

கே: ஃபேக்டோரியோவில் யுரேனியம்-235 வர 0.7 சதவீதம்தான். எவ்வளவு நேரம் காத்திருப்பது?

ப: முதல் ஒன்றுக்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சராசரி 143 சுற்று என்றாலும், பாதிப் பேருக்கு 99 சுற்றுக்குள் வந்துவிடும்; 143 தாண்டியும் 37 சதவீதம் பேர் வாய் பார்த்து நிற்பார்கள். யுரேனியம்-235-ஐப் பெருக்கும் கோவாரெக்ஸ் செய்முறைக்கு வேண்டிய 40-ஐச் சேர்க்கும்போது நிலைமை தெளியும். சராசரி 5,714 சுற்று. மூவரில் இருவர் 4,800-க்கும் 6,600-க்கும் நடுவே முடித்துவிடுவார்கள். அதே விளையாட்டில் புரொடக்டிவிட்டி மாட்யூலைப் பாருங்கள்: 40 சதவீதக் கூடுதல் என்றால் ஊதாப் பட்டை நிரம்ப நிரம்ப, ஐந்துக்கு இரண்டு இலவசம். பகடையே இல்லை. எனக்குப் பிடித்தது இந்த நாணயம்தான்.

கே: ஒரு செய்முறை தவறாமல் ஒரு பொருள் தரும். இன்னொன்று 20 சதவீத வாய்ப்பில் ஐந்து தரும். எதை எடுக்க?

ப: சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே பொருள் போதுமென்றால் முதலாவது. ஐந்நூறு வேண்டுமென்றால் எதுவானாலும் சரி, ஐந்தில் நான்கு முறை மூலப்பொருள் வீணாவதைப் பார்க்கத் தெம்பு இருந்தால். ஆனால் ஐந்து வேண்டும், கையில் மூன்று முறைக்கான சரக்குதான் இருக்கிறது என்றால்? முதலாவதில் மூன்றோடு முடிந்தது கதை. இரண்டாவதில் 49 சதவீதம் தேறும். பகடையை உருட்டுங்கள்.