ஒத்தைப் பத்தியா, ரெட்டைப் பத்தியா? கேள்வி-பதில்

கே: பள்ளி ஆண்டு மலர் வேலை வந்திருக்கிறது. ஒரு கட்டுரையை மட்டும் இரண்டு பத்தியாக்கப் போனால் தலைப்பு, வாழ்த்துரை, தலைமையாசிரியர் படம் எல்லாமே கூடவே மடங்கிக்கொள்கின்றன. அவர் முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. என்ன வழி? - டிடிபி கடைக்காரர், ஆம்பூர்

ப: முகம் சுருங்கினால் பில் தொகையும் சுருங்கும். புரூப் அவர் கைக்குப் போவதற்குள் சரிசெய்துவிடுங்கள். வேர்டில் கர்சரை எங்கேயோ நிறுத்திவிட்டு 'காலம்ஸ்' பட்டனைத் தட்டினால் அந்த செக்‌ஷன் முழுவதும் இரண்டாகும். செக்‌ஷன் பிரிக்காத ஃபைலில் செக்‌ஷன் என்பது முழு ஃபைல்தான். எந்தப் பாராக்கள் ரெட்டைப் பத்தியாக வேண்டுமோ அவற்றை மட்டும் செலக்ட் செய்துவிட்டுத் தட்டுங்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும் 'கன்டினியூவஸ் செக்‌ஷன் பிரேக்' தானாக விழும். தலைப்பும் தலைமையாசிரியரும் முழு அகலத்தில் நிம்மதியாக இருப்பார்கள்.

இன்னொரு தொல்லையும் வரும். கட்டுரையோடு ஃபைலும் முடிந்துவிட்டால் இடது பத்தி பக்கத்தின் அடிவரை இறங்க, வலது பத்தியில் நாலே வரி தொங்கும். முடிவிலும் ஒரு கன்டினியூவஸ் பிரேக் போட்டால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். பல மலர்களில் அந்தக் காலி இடத்தில் நகைக்கடை விளம்பரத்தைச் செருகிவிடுகிறார்கள். காசு வருகிற இடத்தில் அழகைப் பற்றிப் பேசினால் தாளாளருக்குப் பிடிக்காது.

கே: நாலு பத்தியாகப் போட்டால் பேப்பர் மிச்சமாகுமா? - சிக்கனக்காரர், குடியாத்தம்

ப: ஆகாது. எழுத்தைச் சிறிதாக்கினால்தான் மிச்சம். நாலு பத்திக்கு நடுவே மூன்று இடைவெளி விட வேண்டும். ஒவ்வொன்றும் கால் அங்குலம் என்றால் முக்கால் அங்குலம் வெறும் வெள்ளையாகப் போகும். பிறகு ஏன் சிறிய எழுத்தோடு பத்திகளும் சேர்ந்தே வருகின்றன என்றால், பொடி எழுத்தில் வரி நீண்டுவிட்டால் கண் திரும்பி வரும்போது அடுத்த வரியின் தொடக்கத்தைக் கோட்டைவிடும். அச்செழுத்துக் கலை பற்றி ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992இல் எழுதிய புத்தகத்தில் ஒத்தைப் பத்திக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்து, பல பத்திக்கு 40 முதல் 50 எழுத்து என்று கணக்குச் சொல்கிறார். அது ஆங்கிலக் கணக்கு. 'ணௌ' போன்ற அகன்ற எழுத்துகளை வைத்திருக்கும் நாம் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும்.

கே: ஒரே தீர்ப்பு ஒரு புத்தகத்தில் ஒத்தைப் பத்தி, இன்னொன்றில் ரெட்டைப் பத்தி. சீனியர் எதைக் கேட்பாரோ என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். ஏன் இந்த வம்பு? - ஜூனியர் வக்கீல், சத்துவாச்சாரி

ப: நம்மூர்த் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்னதும் இந்தத் தீர்ப்புதான். நாகபுரியிலிருந்து வரும் ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பின் 1996ஆம் ஆண்டுத் தொகுதியில் இது உச்ச நீதிமன்றப் பகுதியின் 2715ஆம் பக்கத்தில் ரெட்டைப் பத்தியாகத் தொடங்குகிறது. லக்னோவின் எஸ்.சி.சி.யில் அதே ஆண்டின் 5ஆம் தொகுதி, 647ஆம் பக்கம், ஒத்தைப் பத்தி.

எஸ்.சி.சி. பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று எச் வரை எழுத்துகள் இருக்கும். எழுந்து நின்று, 'பக்கம் இன்னது, டி-க்கும் ஈ-க்கும் நடுவே' என்றால் நீதிபதியின் விரல் நேரே அந்த வரிக்குப் போகும். ரெட்டைப் பத்தியில் இந்த வித்தை செல்லாது. ஓரத்து டி-க்கு நேராக இரண்டு வரிகள் இருக்கும், இடதா வலதா என்று ஒரு வாதம் கூடும். ஏ.ஐ.ஆரில் பாரா எண்ணைச் சொல்லிக் காரியம் முடிகிறது. ஆகப் பத்தி எத்தனை என்பதை அச்சகத்தார் ரசனைக்காக முடிவு செய்வதில்லை, அந்தப் பக்கத்தில் யார் எதைத் தேடப் போகிறார் என்பதே முடிவு செய்கிறது. உங்கள் தோள்வலி வேறு விஷயம். அதற்குச் சீனியரிடம் ஒரு டேப்லெட் கேளுங்கள்.

கே: தீசிஸின் ஓர் அத்தியாயத்தை மாநாட்டுக் கட்டுரையாக ரெட்டைப் பத்திக்கு மாற்றினேன். வாணியம்பாடித் தோல் கழிவுநீர்ப் பரிசோதனை அட்டவணை பக்கத்துப் பத்தியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. லாடெக் உதவுமா? - ஆராய்ச்சி மாணவி, காட்பாடி

ப: உதவும், நிபந்தனையோடு. லாடெக்கில் 'டூகாலம்' கட்டளை கொடுத்தால் அது புதுப் பக்கத்துக்குத் தாவிவிட்டுத்தான் ரெட்டைப் பத்தியைத் தொடங்கும். பாதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பலர் தங்கள் கம்ப்யூட்டரைத் திட்டியிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் ஒத்தையும் ரெட்டையும் கலக்க பிராங்க் மிட்டல்பாக் எழுதிய 'மல்டிகால்' பேக்கேஜ் இருக்கிறது. அதை அவர் 1989இல் 'டக்போட்' இதழில் விளக்கினார். கடைசிப் பத்திகளைத் தானே சமமாக்கவும் அதற்குத் தெரியும். ஒரு பத்தி அகலத்தில் மிதக்கும் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் அது உள்ளே விடாது.

மாநாட்டு டெம்ப்ளேட்டில் கை வைக்க முடியாது என்றால் அட்டவணைக் கட்டளையில் ஒரு நட்சத்திரம் சேருங்கள். இரண்டு பத்தியையும் அடைத்துக்கொண்டு பெரும்பாலும் அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். அதைவிட எளிய வழி, அட்டவணையைத் திருப்பிப் போடுவது. பி.ஓ.டி., சி.ஓ.டி., குரோமியம், உப்பு என்று எட்டுத் தலைப்பைக் கிடையாக நீட்டாமல் அவற்றைக் கீழ்நோக்கி வரிசையாக்கி, சுத்திகரிப்புக்கு முன், பின் என்று இரண்டே எண் வரிசை வையுங்கள். மூன்றரை அங்குலப் பத்தியில் தாராளமாக அடங்கும்.

கே: நிக்காஹ் பத்திரிகையில் உருதும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்கிறார் மாமனார். இரண்டு பத்தி போட்டால் உருது பொங்கித் தமிழ்ப் பக்கம் வழிகிறது. - மணமகன், ஆம்பூர்

ப: கல்யாணத்துக்கு முன்பே மாமனார் சொல்லைக் கேட்கும் நல்ல மனிதர்! நீங்கள் போட்டது செய்தித்தாள் பத்தி. அதில் முதல் பத்தி நிரம்பியதும் மீதி அடுத்ததற்கு ஓடும். உங்களுக்கு வேண்டியது இணைப்பத்தி, அதாவது இரண்டும் தனித்தனியாகக் கீழே இறங்க வேண்டும். அரபி மூலமும் தமிழும் எதிரெதிரே அச்சாகும் குர்ஆன் பதிப்புகளில் இருப்பது இதுதான். கோரல்டிராவில் இரண்டு தனி டெக்ஸ்ட் ஃபிரேம் போதும். வேர்டு என்றால் கோடு தெரியாத டேபிள் போடுங்கள். மணமக்கள் பெயர் ஒரு வரிசை, நிக்காஹ் நேரம் ஒரு வரிசை, வலீமா ஒரு வரிசை என்று பிரித்தால் எதிரெதிர் விஷயங்கள் விலகாது. உருதை வலப்பக்கம் வையுங்கள். வலமிருந்து படிப்பவர் கண் அங்கேதான் முதலில் போகும்.

உயரத்தில்தான் சங்கடம். நஸ்தலீக் எழுத்து சாய்ந்து சரிந்து இறங்குவதால் வரிக்கு வரி அதிக இடம் கேட்கும். தமிழை அதற்கு ஏற்ப வரி இடைவெளி கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். பழைய இன்பேஜ் மென்பொருளில் அடித்த உருதை அப்படியே வேர்டில் ஒட்டினால் கோழி கிளறியது போல் வரும், படமாக மாற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மண்டபத்தின் பெயரையும் தேதியையும் கீழே முழு அகலத்தில் ஒரே பத்தியாகப் போட்டுவிடுங்கள். விருந்துக்கு வருபவர் அதைத்தான் தேடுவார்.

கே: நான் ஸ்டிக்கில் எழுத்துக் கோத்த காலத்தில் வரி இத்தனை ஓட்டையாக வராது. இப்போது பத்தி குறுகினால் சொல்லுக்குச் சொல் லாரி போகலாம். ஏன்? - ஓய்வுபெற்ற கம்பாசிட்டர், வேலூர்

ப: உங்கள் கைக்குத் தமிழ் தெரியும், ஐயா. 'சுத்திகரிக்கப்பட்டிருக்கவில்லையென்று' என ஒரு சொல் வந்தால், புள்ளி எழுத்து அடுத்த வரியின் தலையில் வராமல் பார்த்து, கோடு கூடப் போடாமல் உடைத்துக் கீழே இறக்கினீர்கள். கம்ப்யூட்டருக்கு அது ஒரே கட்டை. வரியில் இடம் இல்லையென்றால் முழுச்சொல்லையும் கீழே தள்ளிவிட்டு, மிஞ்சியதை இருபுறமும் இழுத்துக் கட்டுகிறது. சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்குச் செய்த சொல்லுடைப்பு விதிகளில் தமிழும் இருக்கிறது, டெக்கில் அது கிடைக்கிறது. இல்லாத இடத்தில் இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலது ஓரத்தை அதன் போக்கில் விடுவது உத்தமம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ரெட்டைப் பத்திதான். அதில் பொருள்கள் துண்டு துண்டாக முடிவதால் குறுகல் உறுத்துவதில்லை.

கே: சென்னைத் தோல் கண்காட்சிக்கு நாலு பக்கக் கையேடு. எங்கே ஒத்தை, எங்கே ரெட்டை? - தோல் வியாபாரி, பேரணாம்பட்டு

ப: கம்பெனி வரலாற்றை ஒத்தைப் பத்தியில் சுருக்கமாகப் போடுங்கள், இத்தாலிக்காரர் அதைப் படிக்க மாட்டார். வெட் புளூ, கிரஸ்ட், ஃபினிஷ்டு வகைகளை மூன்று பத்தியில் படத்தோடு வையுங்கள். சதுர அடி விலை, தடிமன், நிறம் உள்ள பட்டியல் முழு அகலத்தில் வரட்டும். தோலில் வடுவைத் தவிர்த்து அச்சைத் திருப்பித் திருப்பி வைக்கும் உங்கள் கட்டிங் மாஸ்டரை லேஅவுட் போடுபவர் பக்கத்தில் உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது.

கே: ஆம்பூர் பிரியாணிக் கடை மெனு கார்டு எத்தனை பத்தி? - பசியோடு இருப்பவர், வாணியம்பாடி

ப: பிரியாணி தலைமாட்டில் முழு அகலத்தில். மற்றதெல்லாம் கீழே ரெட்டைப் பத்தியில். பெயரை இடது கோடியிலும் விலையை வலது கோடியிலும் வைத்து நடுவே புள்ளி வரிசை போட்டால், சிக்கன் விலையில் மட்டன் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் சண்டை வரும். பத்தி குறுகினால் விலை பெயரை ஒட்டியே நிற்கும். கத்தரிக்காய்க்கும் தயிர் வெங்காயத்துக்கும் இடமே ஒதுக்க வேண்டாம், அவை கேட்காமலே வரும்.